எழுபது எஸ்விசிஹோஸ்ட்: எது விண்டோஸின் கோப்பு, எது வைரஸ்? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

"சார், டாஸ்க் மேனேஜர்ல எஸ்விசிஹோஸ்ட்னு எழுபது ஓடுது. எல்லாம் வைரஸா? டெலீட் பண்ணிடட்டுமா?"

மயிலாப்பூர், மந்தைவெளி, திருவல்லிக்கேணி பக்கம் சின்ன அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எஸ்விசிஹோஸ்ட் என்பது விண்டோஸ் பின்னணியில் செய்யும் வேலைகளை, அதாவது சர்வீஸ்களை, ஓட்டும் கோப்பு. மாதம் இரண்டு பேராவது இந்தக் கேள்வியோடு போன் செய்கிறார்கள். அடுத்த கேள்வியும் ஒன்றுதான்: "நானே பார்க்கட்டுமா, ஏதாவது வெப்சைட்டில் போட்டுப் பார்க்கட்டுமா, ஸ்கேன் ஓட்டட்டுமா, இல்லை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொடுத்து ஃபார்மேட் பண்ணிவிடட்டுமா?"

இதில் இரண்டு பக்கமும் தவறலாம். இரண்டையும் நேரில் பார்த்திருக்கிறேன்.

திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி கடை. தை மாதம், கல்யாணப் பத்திரிகை ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். சி டிரைவில் இடம் போதவில்லை என்று கடைக்காரர் துழாவியபோது, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்வாவ்64 என்ற ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. உள்ளே போனால் சிஸ்டம்32-இல் இருக்கிற அதே பெயர்கள். டூப்ளிகேட், ஏதோ வைரஸ் செய்த வேலை என்று முடிவு கட்டிவிட்டார். அழிக்கப் போனால் விண்டோஸ் விடவில்லை. ஒரு வீடியோவைப் பார்த்து, அனுமதிகளை மாற்றி, முடிந்த அளவுக்கு அழித்துவிட்டார். மறுநாள் காலை பேஜ்மேக்கர் திறக்கவில்லை. அந்த ஃபோல்டரில் இருப்பவைதான் பழைய 32 பிட் மென்பொருள்களுக்கு ஆதாரம். பெயர் குழப்பத்தான் செய்யும்: 64 பிட் விண்டோஸில் 64 பிட் கோப்புகள் சிஸ்டம்32-இல் இருக்கும், 32 பிட் கோப்புகள் சிஸ்வாவ்64-இல் இருக்கும். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, மந்தைவெளியில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். ஜூலை கடைசி வாரம், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நெருக்கடி. அங்கே வேலை பார்க்கும் பெண் ஒரு கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவதைக் கவனித்து டாஸ்க் மேனேஜரைத் திறந்திருக்கிறார். எஸ்விசிஹோஸ்ட் ஒன்று பிராசசரில் பாதியைத் தின்றுகொண்டிருந்தது. அது விண்டோஸின் கோப்பு, தொடக்கூடாது என்று யாரோ சொன்னது நினைவிருந்ததால் விட்டுவிட்டார். நான்கு நாள் அப்படியே ஓடியிருக்கிறது. அது விண்டோஸின் கோப்பு இல்லை.

ஒருவர் நல்லதை அழித்தார், ஒருவர் கெட்டதை விட்டுவைத்தார். இருவருமே பெயரை மட்டும்தான் பார்த்தார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

வழிகளுக்குள் போவதற்கு முன், நான் பார்க்கும் அளவுகோல்கள் இவை. எவ்வளவு நேரம் பிடிக்கும்? கையிலிருந்து பணம் போகுமா? உங்கள் கோப்பு, அதாவது உங்கள் வாடிக்கையாளரின் விவரம், வெளியே யாரிடமாவது போகுமா? எவ்வளவு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்? கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது: அந்த வழி தவறாகத் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும்?

| வழி | நேரம் | செலவு | கோப்பு வெளியே போகுமா | எங்கே ஏமாற்றும் |
|---|---|---|---|---|
| முகவரியைக் கண்ணால் பார்ப்பது | 2 நிமிடம் | இல்லை | போகாது | நல்ல கோப்பையே கருவியாக்கும் வைரஸ் |
| டிஜிட்டல் கையொப்பம் | 5 நிமிடம் | இல்லை | போகாது | திருடிய கையொப்பம். கையொப்பமே இல்லாத நல்ல மென்பொருள் |
| வைரஸ்டோட்டல் | 5 நிமிடம் | இல்லை | பதிவேற்றினால் போகும் | இன்றைக்குத்தான் பிறந்த வைரஸ் |
| ஆஃப்லைன் ஸ்கேன் | கால் மணி முதல் சில மணி வரை | பெரும்பாலும் இல்லை | பெரும்பாலும் போகாது | நல்ல கோப்பைப் பிடித்துவிடுவது |
| ஃபார்மேட் | ஒரு நாளாவது | உண்டு | கொடுக்கும் கடையைப் பொறுத்தது | திரும்ப ஏற்றும் மென்பொருளிலேயே கெட்டது இருப்பது |

## முகவரியைக் கண்ணால் பார்ப்பது

முதலில் எப்போதும் இதுதான். டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போய், சந்தேகப்படும் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். கோப்பு எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எஸ்விசிஹோஸ்ட்டின் வீடு சிஸ்டம்32. சிஸ்வாவ்64-இலும் ஒரு பிரதி இருக்கும், அதுவும் நல்லதுதான். விண்டோஸின் மற்ற முக்கியக் கோப்புகளான எல்எஸ்ஏஎஸ்எஸ், விண்லாகான், சிஎஸ்ஆர்எஸ்எஸ் எல்லாம் சிஸ்டம்32-இல்தான் ஓட வேண்டும். எக்ஸ்ப்ளோரர் மட்டும் விதிவிலக்கு: அது சிஸ்டம்32-இல் ஓடாது, நேராக விண்டோஸ் ஃபோல்டரிலிருந்து ஓடும். இது தெரியாமல் நல்ல எக்ஸ்ப்ளோரரைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்று ஆப்டேட்டா, டெம்ப், டவுன்லோட்ஸ், பென்டிரைவ் மாதிரி இடங்களிலிருந்து ஓடினால் கிட்டத்தட்ட உறுதியாகக் கெட்டது. மந்தைவெளியில் அந்தக் கோப்பு ஆப்டேட்டாவுக்குள் ரோமிங் ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தது.

எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் இருந்தால் பெரும்பாலான சர்வீஸ்கள் தனித்தனி எஸ்விசிஹோஸ்ட்டாகப் பிரிந்து ஓடும். முன்பு ஒரு பெட்டிக்குள் பத்து சர்வீஸ் இருக்கும், ஒன்று விழுந்தால் மற்றதும் விழும். இப்போது ஆளுக்கொரு பெட்டி. எழுபது ஓடினால் அதற்காக மட்டும் சந்தேகப்படத் தேவையில்லை.

எஸ்விசிஹோஸ்ட் உங்கள் யூசர் பெயரில் ஓடினால் வைரஸ் என்று பழைய குறிப்புகள் சொல்லும். விண்டோஸ் 7 காலத்தில் அது நல்ல அடையாளம். இப்போது யூசர் பெயரிலேயே ஓடும் முறையான சர்வீஸ்கள் வந்துவிட்டன, அதை நம்பி எதையும் நிறுத்திவிடாதீர்கள். அதைவிட நல்ல அடையாளம் ஒன்று உண்டு. டீடெயில்ஸ் பக்கத்தில் தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்து 'கமாண்ட் லைன்' என்ற பத்தியைச் சேருங்கள். உண்மையான எஸ்விசிஹோஸ்ட்டின் பக்கத்தில் ஒரு சின்னக் கோடும் 'கே' என்ற எழுத்தும், அதையடுத்து எந்தக் குழுவைச் சேர்ந்தது என்ற பெயரும் இருக்கும். மந்தைவெளிக் கோப்பின் பக்கத்தில் கோப்பின் முகவரியைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

எழுத்து மோசடியையும் பார்க்க வேண்டும். எல்எஸ்ஏஎஸ்எஸ் என்ற பெயர் ஆங்கிலத்தில் சின்ன 'எல்'லில் தொடங்கும். அந்த இடத்தில் பெரிய 'ஐ'யைப் போட்டால் பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே குச்சியாகத்தான் தெரியும். அந்தப் பெயரை அப்படியே காப்பி செய்து நோட்பேடில் ஒட்டி, எழுத்துருவைக் கூரியர் நியூவுக்கு மாற்றினால் வித்தியாசம் தெரிந்துவிடும். இன்னொன்று, விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் வாலை மறைத்துவிடும். 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று மெயிலில் வந்தது 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்' என்று மட்டும் தெரியும். எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இன்றைக்கே போட்டுவிடுங்கள். நான் போகிற எல்லா அலுவலகத்திலும் முதலில் செய்வது இதுதான்.

விசித்திரமாக இருப்பது மட்டும் சாட்சி ஆகாது. 2002-இல் ஒரு மெயில் உலகம் முழுக்கச் சுற்றியது: கரடி பொம்மைப் படத்தோடு ஒரு கோப்பு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும், அது வைரஸ், அழித்துவிடுங்கள் என்று. அது ஜாவா நிரல்களைச் சோதிக்க மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த சாதாரணக் கோப்பு, படம் மட்டும் கரடி. ஏராளமானவர்கள் நம்பி அழித்தார்கள்.

இந்த வழி எங்கே தோற்கும் என்றால், நல்ல கோப்பே கூலிக்கு வேலை செய்யும்போது. ரன்டிஎல்எல்32, பவர்ஷெல், எம்எஸ்எச்டிஏ எல்லாம் விண்டோஸின் சொந்தக் கோப்புகள், சரியான முகவரியில்தான் இருக்கும். ஆனால் வேறெங்கோ இருக்கும் கெட்ட நிரலை எடுத்து ஓட்டச் சொன்னால் மறுக்காமல் ஓட்டும். அங்கேயும் அந்தக் கமாண்ட் லைன் பத்திதான் உதவும். ரன்டிஎல்எல்32-க்குப் பக்கத்தில் டெம்ப் ஃபோல்டரின் முகவரி நின்றால் அடுத்த வழிக்குப் போங்கள்.

## டிஜிட்டல் கையொப்பம்

கோப்பின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பக்கம். யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதற்குப் பின் கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று தெரியும்.

இதில் நிறையப் பேர் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. நோட்பேட் மாதிரி விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பலவற்றில் அந்தப் பக்கமே இருக்காது. கையொப்பம் இல்லாததால் அல்ல. அது கேட்லாக் என்ற தனிப் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கும். பிராப்பர்ட்டீஸ் அதைக் காட்டாது. மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கும் பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் காட்டும்: இலவசம், நிறுவத் தேவையில்லை, 'வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ்' என்பதைத் தேர்ந்தால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'வெரிஃபைட்' என்று வரும். எது எதைக் கிளப்பியது என்று வம்சாவளியாகவும் காட்டும். எஸ்விசிஹோஸ்ட்டுக்கு சர்வீசஸ் என்ற கோப்புதான் தாய். வேறு தாய் இருந்தால் விசாரிக்க வேண்டும்.

கையொப்பம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் தன் டிரைவர்களுக்கு ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு தைவான் நிறுவனங்களிடமிருந்து திருடிய சான்றிதழைப் பயன்படுத்தியது. 2017-இல் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் மென்பொருளான சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் தாக்குபவர்கள் கெட்ட நிரலைப் புகுத்தியபோது அது நிறுவனத்தின் சொந்தக் கையொப்பத்தோடே வெளியானது. எதிர்ப்பக்கம், நம் ஊரில் தனி ஆள் எழுதிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள், கடைக்கு என்று எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள் இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் கையொப்பமே இருக்காது. சான்றிதழ் வாங்க வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். அதற்காக அவை திருடர்கள் ஆகிவிடாது.

ஆகவே இந்த வழி ஒரு கேள்விக்குத்தான் சிறந்தது: 'இது மைக்ரோசாஃப்ட்டின் கோப்பு என்கிறதே, உண்மையா?' அந்தக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறெங்கும் கிடைக்காது.

## வைரஸ்டோட்டல்

2004-இல் ஸ்பெயினில் தொடங்கி, 2012-இல் கூகுள் வாங்கிய தளம். 70-க்கும் மேற்பட்ட வைரஸ் தடுப்பு என்ஜின்களிடம் ஒரே நேரத்தில் கருத்துக் கேட்கும். இலவசம்.

மறைந்திருக்கும் விலை இதில்தான் அதிகம். நீங்கள் பதிவேற்றும் கோப்பு உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் மட்டும் இருப்பதில்லை. பாதுகாப்பு நிறுவனங்களோடும், பணம் கட்டும் ஆய்வாளர்களோடும் பகிரப்படும். மெயிலில் வந்த எக்செல் ஷீட்டில் வைரஸ் இருக்கிறதா பார்க்கலாம் என்று ஏற்றினால், அதில் இருக்கும் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் கூடவே போகும். ஆடிட்டர், வக்கீல், டாக்டர் அலுவலகங்களில் இதை நான் கெஞ்சிக் கேட்டுத் தடுக்கிறேன்.

பதிவேற்றாமலே கேட்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு ஹேஷ் எண் உண்டு. பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹேஷ்' என்ற கட்டளையோடு கோப்பின் முகவரியைக் கொடுத்தால் 64 எழுத்துகள் கொண்ட எண் வரும். அதை வைரஸ்டோட்டலின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். யாராவது அதே கோப்பை முன்பே ஏற்றியிருந்தால் முடிவு வந்துவிடும், உங்கள் கோப்பு இடத்தை விட்டு நகராது. விண்டோஸின் உண்மையான கோப்பு என்றால் அநேகமாக ஏற்கெனவே அங்கே இருக்கும். எஸ்விசிஹோஸ்ட் என்று சொல்லிக்கொள்ளும் கோப்பின் ஹேஷை அந்தத் தளம் பார்த்ததே இல்லை என்றால், என்னைப் பொறுத்தவரை அதுவே ஒரு பதில்.

எண்ணைப் படிக்கும் விதம்: 70-இல் 40 என்ஜின் சிவப்பு காட்டினால் விவாதம் இல்லை. இரண்டோ மூன்றோ அதிகம் கேள்விப்படாத என்ஜின்கள் மட்டும் காட்டி, பெரிய பெயர்கள் எல்லாம் பச்சை என்றால் தவறான சந்தேகமாக இருக்க வாய்ப்பு அதிகம். எல்லாமே பச்சை, ஆனால் முதல் முறை பார்த்த தேதி இன்று என்றால், பச்சையை நம்பாதீர்கள். இரண்டு நாள் கழித்து அதே ஹேஷைத் திரும்பத் தேடிப் பாருங்கள்.

## ஆஃப்லைன் ஸ்கேன்

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது வைரஸ் தன்னை மறைத்துக்கொள்ள முடியும். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே தேடினால் அந்த வசதி அதற்குக் கிடையாது. டிஃபெண்டர் என்பது விண்டோஸோடே வரும் வைரஸ் தடுப்பு. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் டிஃபெண்டர் ஆஃப்லைனைத் தேர்ந்தால், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிக் கால் மணி நேரத்தில் தேடி முடிக்கும். திறந்திருக்கும் வேலையை முதலில் சேமித்துவிடுங்கள். இரண்டாவது கருத்து வேண்டும் என்றால், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் இலவச நீக்கும் கருவிகள் கிடைக்கும். நம் சென்னை நிறுவனமான கே7-இன் வைரஸ் தடுப்பை வைத்திருக்கும் அலுவலகங்களும் நிறைய. ஆனால் நிரந்தரமாகக் காவல் நிற்கும் வைரஸ் தடுப்பு ஒன்றே போதும். இரண்டு இருந்தால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் படுத்துவிடும்.

ஸ்கேனரும் தவறும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உண்மையான எஸ்விசிஹோஸ்ட்டையே வைரஸ் என்று பிடித்து அடைத்தது. எண்ணற்ற கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. 2022 செப்டம்பரில் டிஃபெண்டரே குரோம் மாதிரியான நல்ல மென்பொருள்களை வைரஸ் என்று கத்தியது. அதனால் என் பழக்கம்: ஸ்கேனர் கேட்டால் 'குவாரன்டைன்' மட்டும், 'டெலீட்' கிடையாது. அடைத்து வைத்ததைத் திரும்ப எடுக்கலாம். ஸ்கேன் முடிந்த பிறகு, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் 'எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்' என்ற கட்டளையை ஓட்டினால், சேதமான விண்டோஸ் கோப்புகளை அதுவே சரி செய்யப் பார்க்கும்.

## ஃபார்மேட்

அண்ணா சாலையிலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்தால் பத்தடிக்கு ஒருவர் "என்னண்ணே, சர்வீஸா?" என்பார். ஃபார்மேட் கூலி பெரிய தொகை இல்லை. அதைப் பார்த்துத்தான் பலர் நேராக இங்கே வருகிறார்கள். கூலிக்குப் பிறகு வருகிற செலவை யாரும் சொல்வதில்லை.

டாலி டேட்டாவை பேக்கப் எடுத்தார்களா, எந்த டிரைவில் இருந்தது என்று கடைக்காரருக்குத் தெரியாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர் போய்விட்டால் ஜிஎஸ்டி தளத்தில் அந்தக் கையொப்பத்தைப் போட முடியாது. டிடிபி கடை என்றால் இன்னும் கொடுமை: பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்கள் போய்விட்டால், பதினைந்து வருடத்துப் பத்திரிகைக் கோப்புகள் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். திருவல்லிக்கேணிக் கடையில் விண்டோஸ் ஏற்ற எனக்கு ஒன்றரை மணி நேரம், எழுத்துருக்களைப் பழைய சிடிகளிலிருந்து தேடிச் சேர்க்க மூன்று நாள்.

அப்புறம், சில கடைகளில் லைசென்ஸ் இல்லாத விண்டோஸை ஏற்றி, லைசென்ஸ் இருப்பதுபோல் விண்டோஸை ஏமாற்றும் ஆக்டிவேட்டர் என்ற ஒன்றைப் போட்டு, அது ஓட வேண்டும் என்பதற்காக டிஃபெண்டரை அணைத்தே கொடுத்துவிடுகிறார்கள். வைரஸுக்குப் பயந்து கொண்டுபோன கம்ப்யூட்டர் கதவு திறந்த வீடாகத் திரும்பி வருகிறது. விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் பெரும்பாலும் லைசென்ஸ் உள்ளேயே பதிந்திருக்கும். அதையே ஏற்றச் சொல்லுங்கள், எதிரில் உட்கார்ந்து பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஃபார்மேட் செய்வதென்றால் 11 ஏறுமா என்று முதலில் கேளுங்கள்.

இருந்தாலும் இதுதான் சரி என்கிற நேரங்கள் உண்டு. கெட்ட கோப்பு அட்மின் அனுமதியோடு ஓடியது உறுதி, அதே கம்ப்யூட்டரில் வங்கி வேலை நடக்கிறது என்றால் நான் சுத்தம் செய்து பார்ப்பதில்லை. ஃபார்மேட்தான்.

## யாருக்கு எது

வீட்டுக் கம்ப்யூட்டர், பெயரைப் பார்த்து வந்த பயம் மட்டும், வேறு தொந்தரவு இல்லை: முகவரியைப் பாருங்கள், சரியாக இருந்தால் மூடிவிட்டுத் தூங்கலாம்.

முகவரி சரி, ஆனாலும் மனம் ஒப்பவில்லை: கையொப்பம், பிறகு ஹேஷ்.

இணையத்திலிருந்து இறக்கிய புதிய மென்பொருளை ஓட்டலாமா: வைரஸ்டோட்டல். அதில் உங்கள் ரகசியம் எதுவும் இல்லை, தாராளமாகப் பதிவேற்றலாம்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கின்றன: எதையும் கிளிக் செய்யாதீர்கள். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயே மறைந்துதான் இருக்கும். ஸ்கேன் முடித்து, மறைந்தவற்றைக் காட்டச் செய்து எடுத்துவிடலாம். இதற்காகப் பென்டிரைவை ஃபார்மேட் செய்து பிராஜெக்ட் ரிப்போர்ட்டை இழந்த கல்லூரிப் பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

பணம் போயிருக்கிறது: முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன், கோப்பைப் பற்றிய ஆராய்ச்சி எல்லாம் அதற்குப் பிறகு.

மந்தைவெளி அலுவலகத்தில் ஐந்தில் நான்கைப் பயன்படுத்தினோம். நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு முகவரியைப் பார்த்தேன். பிராசஸ் எக்ஸ்ப்ளோரரில் கையொப்பம் இல்லை. ஹேஷை மட்டும் குறித்துக்கொண்டு என் போனில் தேடினேன், பாதிக்கு மேல் சிவப்பு. கோப்பை எங்கும் ஏற்றவில்லை, ஸ்கேனுக்கும் காத்திருக்கவில்லை. டேட்டாவை எடுத்துக்கொண்டு அன்றிரவே ஃபார்மேட் செய்தோம். அதற்கு முன்பே ஆடிட்டர் தன் போனிலிருந்து மெயில், வங்கி, வரித்தளம் மூன்றின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார். மீதி இருந்த கணக்குகளை அந்தப் பெண் தன் வீட்டு லேப்டாப்பில் முடித்து, ஜூலை 31 மாலைக்குள் எல்லாவற்றையும் தாக்கல் செய்துவிட்டார். இப்போது அந்த அலுவலகத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் கமாண்ட் லைன் பத்தி எப்போதும் இருக்கும். அவர்தான் எல்லாக் கம்ப்யூட்டரிலும் சேர்த்து வைத்திருக்கிறார்.